‘ஓநாய் வந்தது, காடு மீண்டது’ என்ற செய்தியைப் படிப்பது எப்படி?

2025 பிப்ரவரியில், மூன்றாமாண்டு தாவரவியல் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் கைப்பேசியோடு வந்து நின்றாள். “மேடம், செமினாருக்கு இதை எடுத்துக்கட்டுமா?” அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்கள் திரும்பி வந்ததால் ஓடைக்கரை வில்லோ செடிகள் 1,500 சதவீதம் பெருகிவிட்டன என்று ஒரு செய்தி. எடுத்துக்கொள் என்றேன். செய்தியை மட்டும் எடுக்காதே, அதற்குப் பின்னால் இருபது வருடத்துக்கும் மேலாக நடக்கும் வாதத்தையும் சேர்த்து எடு என்றேன்.

அடுத்த மூன்று வாரம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து படித்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓநாயோ புலியோ சிவிங்கிப்புலியோ, ஒரு வேட்டை விலங்கு திரும்பி வந்ததால் காடே மாறியது என்று எந்தச் செய்தி வந்தாலும் இப்படிப் படிக்கலாம். ஒரு சார்ட் தாள், பென்சில், ரப்பர் போதும்.

முதலில் கதையை அம்புக்குறிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

யெல்லோஸ்டோன் கதை இப்படிப் போகிறது. பூங்காவின் கடைசி ஓநாய்களை 1926-ல் கொன்றார்கள். 1995, 1996 ஆகிய இரண்டு குளிர்காலங்களில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பூங்காவின் வடபகுதியில் 1994 வாக்கில் ஏறத்தாழ 19,000 எல்க் மான்கள் இருந்தன. 2013-ல் 4,000-க்கும் கீழே வந்தன. மான் குறைந்ததும் அது மேய்ந்துகொண்டிருந்த வில்லோவும் ஆஸ்பென் மரக்கன்றுகளும் வளர்ந்தன. வில்லோ வளர்ந்ததும் பீவர் என்னும் கொறி விலங்குகள் வந்து ஓடையில் அணை கட்டின. அதனால் ஆறுகளே மாறின. வேட்டை விலங்கிடம் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கும் இந்த விளைவைத்தான் ‘டிராபிக் கேஸ்கேட்’ என்கிறார்கள்.

இதைத் தாளில் எழுதினால் ஓநாயிலிருந்து எல்க், எல்க்கிலிருந்து வில்லோ, வில்லோவிலிருந்து பீவர், பீவரிலிருந்து ஆறு என்று நான்கு அம்புகள் வரும். நான்கும் நான்கு தனித்தனிக் கூற்றுகள். ஒன்றுக்குச் சான்று கிடைத்தால் அடுத்ததும் நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பரபரப்பான காணொளிகள் முதல் அம்பை அழுத்தமாகக் காட்டிவிட்டு மற்ற மூன்றையும் பின்னணி இசையோடு கடந்துபோகின்றன. நீங்கள் ஒவ்வொரு அம்பின் பக்கத்திலும் ‘இதை யார், எங்கே, எப்படி அளந்தார்கள்?’ என்று எழுதி, பதில் கிடைக்கும்வரை இடத்தைக் காலியாக விடுங்கள். எங்கள் தாளில் முதல் வாரம் முழுவதும் மூன்று இடங்கள் காலியாகவே இருந்தன.

எந்தச் செடியை அளந்தார்கள்?

என்னைக் கேட்டால் இதுதான் முதன்மையான கேள்வி. காரணத்தை என் கையிலிருந்தே சொல்ல முடியும்.

ஒவ்வொரு ஆண்டும் மாணவிகளைச் சிறுமலைக்குத் தாவரக் கணக்கெடுப்புப் பயிற்சிக்கு அழைத்துப் போவேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தைத் தரையில் போட்டு, அதற்குள் இருக்கும் செடிகளை எண்ண வேண்டும். ‘எங்கே வேண்டுமானாலும் போடுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் செடி அடர்ந்த இடமாகப் பார்த்துத்தான் போடுவார்கள். வெறும் மண்ணிலும் பாறையிலும் போட யாருக்கும் கை வராது. ஒருமுறை நானே கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தை வீசினேன். மூடுவதற்கு முன்னால் பார்த்து வைத்திருந்த புதர்ப் பக்கம்தான் அது போய் விழுந்தது. அன்றிலிருந்து எண் அட்டவணை பார்த்து, இத்தனை அடி வடக்கே, இத்தனை அடி கிழக்கே என்று நடந்து போய்த்தான் சட்டம் வைக்கிறோம். ஏமாற்ற நினைக்காதவர்களுக்கும் இந்தச் சாய்வு வரும்.

யெல்லோஸ்டோனில் ஆஸ்பென் மீள்கிறதா என்று பார்த்த பல ஆய்வுகள், ஒவ்வொரு மரக்கூட்டத்திலும் மிக உயரமான ஐந்து இளங்கன்றுகளை எடுத்து அளந்தன. அதற்கு ஒரு நியாயம் உண்டு: மேய்ச்சலிலிருந்து முதலில் தப்பும் கன்றுகள் அவைதான், மாற்றம் தொடங்கிவிட்டதா என்பதை அவை முந்திச் சொல்லும். ஆனால் அந்த ஐந்தின் வளர்ச்சியை மொத்தக் காட்டின் வளர்ச்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. 2022-ல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எலேன் பிரைஸ், டேனியல் மக்நல்ட்டி குழுவினர் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்த கன்றுகளிலும் மீட்சி தெரிந்தது. ஆனால் உயரமானவற்றை மட்டும் அளந்தபோது விளைவு பல மடங்கு பெரிதாகத் தெரிந்தது.

ஆகவே கட்டுரையின் சுருக்கத்தைப் படித்ததும் நேராக ‘முறைகள்’ பகுதிக்குப் போங்கள். ‘தேர்ந்தெடுத்தோம்’ என்ற சொல் வரும் வாக்கியங்களை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்பது

சரி, அந்த 1,500 சதவீதம். ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரிப்பிள், ராபர்ட் பெஷ்டா உள்ளிட்டோர் 2025 தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு அது. ஓடைக்கரைகளில் 25 இடங்கள், 2001 முதல் 2020 வரையிலான தரவு. அவர்கள் சொன்னது வில்லோவின் மேல்தழைப் பருமன் சராசரியாக அவ்வளவு கூடியது என்று. செடிகளின் எண்ணிக்கை அவ்வளவு கூடியதாகச் சொல்லவில்லை.

மாணவியைக் கணக்குப் போடச் சொன்னேன். 1,500 சதவீதம் கூடியது என்றால் 16 மடங்கு. பருமன் என்பது நீளம், அகலம், உயரம் மூன்றின் பெருக்கல். 16-க்குக் கனமூலம் எடுத்தால் சுமார் இரண்டரை. அதாவது ஒரு செடி எல்லாப் பக்கமும் இரண்டரை மடங்கு வளர்ந்தாலே பருமன் 16 மடங்கு ஆகிவிடும். முழங்கால் உயரச் செடி இடுப்புக்கு மேலே வந்ததை ‘இரண்டரை மடங்கு’ என்றும் எழுதலாம், ‘1,500 சதவீதம்’ என்றும் எழுதலாம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் எது தலைப்பாகும் என்று உங்களுக்கே தெரியும். எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் அதை அடியாகவோ மீட்டராகவோ மாற்றிப் பாருங்கள்.

அதே ஆண்டில் மக்நல்ட்டி குழு அதே இதழில் மறுப்பு எழுதியது. பருமனை நேரடியாக அளக்காமல் உயரத்தை வைத்துக் கணித்திருக்கிறார்கள். அதனால் உயரத்துக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பு சுற்றிவந்து தன்னையே நிரூபிக்கிறது என்றார்கள். ஆரம்ப ஆண்டிலும் கடைசி ஆண்டிலும் அளந்தவை எல்லாம் ஒரே இடங்கள் அல்ல என்றார்கள். மனித வேட்டையின் பங்கை விட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார்கள்.

அதே காலத்தில் வேறு என்ன மாறியது?

1995-க்குப் பிறகு யெல்லோஸ்டோனில் ஓநாய் மட்டும் வரவில்லை. பூமா என்னும் பெரும்பூனைகள் ஏற்கனவே தாமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. கிரிஸ்லி கரடிகள் பெருகிக்கொண்டிருந்தன. 2003 முதல் 2005 வரை எல்க் கன்றுகளுக்கு ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வில், பிறந்த முதல் மாதத்தில் இறந்த கன்றுகளில் பாதிக்கு மேல் கரடிகளால் இறந்தவை; ஓநாயின் பங்கு அதைவிட மிகக் குறைவு. பூங்கா எல்லையைத் தாண்டிக் குளிர்காலத்தில் இறங்கும் எல்க்குகளை மனிதர்கள் வேட்டையாடினார்கள். 1996-97 குளிர்காலம் கடுமையாக இருந்தது, பிறகு வறட்சி வந்தது. இவ்வளவும் எல்க் எண்ணிக்கையை ஒரே திசையில், கீழ்நோக்கி இழுத்தன.

இன்னொரு பக்கம், எல்க் குறைந்த இடத்தில் பைசன் என்னும் காட்டு மாட்டுக் கூட்டங்கள் பெருகின. அவையும் வில்லோவை, ஆஸ்பெனைத் தின்கின்றன, உரசி முறிக்கின்றன. முழு வளர்ச்சி பெற்ற பைசனை ஓநாய் எளிதில் வீழ்த்த முடியாது.

மூன்றாவது அம்பில் எங்களுக்குக் காத்திருந்ததுதான் எனக்கே புதிது. ஓநாயும் வில்லோவும் மீண்டதால் பீவர் வந்தது என்றுதான் நானும் பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பூங்காவின் வடக்கு எல்லையை ஒட்டிய வனப்பகுதியில் 1986 தொடங்கி 1999 வரை வனத்துறையினரே நூற்றுக்கும் மேற்பட்ட பீவர்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவற்றில் சில ஓடை வழியே பூங்காவுக்குள் இறங்கியிருக்கின்றன. இது தெரிந்த பிறகு அந்த அம்பை அப்படியே வைத்திருக்க முடியாது. மாணவி பக்கவாட்டில் இன்னோர் அம்பு போட்டு ‘லாரியில் வந்தவை’ என்று எழுதினாள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது: தாளின் வலது ஓரத்தில் ஒரு பட்டி வரைந்து, அதே இருபது ஆண்டுகளில் அந்த இடத்தில் வேறு எவையெல்லாம் மாறின என்று எழுதுங்கள். மழை, வெயில், மனித வேட்டை, ஆடுமாடு மேய்ச்சல், வேறு விலங்குகள். கட்டுரையில் அவற்றுக்குப் பதில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்.

வேலி இருக்கிறதா என்று தேடுங்கள்

2019 ஜூனில் மொன்டானாவின் போஸ்மனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது யெல்லோஸ்டோனுக்கு அழைத்துப் போனார்கள். மாமத் ஹாட் ஸ்பிரிங்ஸிலிருந்து கிழக்கே பிளாக்டெயில் மேட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தொலைநோக்கியில் பார்த்தேன். உயரமான கம்பிவேலி போட்ட ஒரு பாத்தி. உள்ளே வில்லோ வேலியின் பாதிக்கு மேல் அடர்ந்து நிற்கிறது. வெளியே அதே மண், அதே வெயில், ஆனால் செடி புல்லோடு புல்லாகக் குட்டையாக இருக்கிறது. நம் ஊர் ஆற்றுப்பாலையும் இந்த வில்லோவும் ஒரே பேரினம். இலையைப் பார்த்தாலே உறவு தெரியும். தங்கை மகன் கொசு கடிக்கிறது என்று காருக்குள் போய்விட்டான். நான் அரைமணி நேரம் அந்த வேலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓநாய் வந்து 24 வருடம் ஆகியும் வேலிக்கு உள்ளும் வெளியும் இவ்வளவு வித்தியாசம் இருந்தால், வெளியே மேய்ச்சல் இன்னும் குறையவில்லை என்றுதானே அர்த்தம்?

ஒரே ஒரு பாத்தியைப் பார்த்து நான் முடிவு கட்டக்கூடாது, மேலே சொன்ன தேர்வுச் சாய்வு எனக்கும் பொருந்தும். முறையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாம்சன் ஹாப்ஸ், டேவிட் கூப்பர் குழுவினர் 2001-ல் வடபகுதியின் நான்கு ஓடைகளில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். சில பாத்திகளுக்கு வேலி மட்டும். சிலவற்றுக்கு, பீவர் கட்டுவதைப் போல மனிதர்கள் கட்டிய சிறு அணை மட்டும். சிலவற்றுக்கு இரண்டும். சிலவற்றை அப்படியே விட்டார்கள்.

பத்து வருடம் கழித்துப் பார்த்தால், வேலியும் அணையும் சேர்ந்த இடத்தில் வில்லோ நன்றாக உயர்ந்திருந்தது. வேலி மட்டும் போட்ட இடத்தில், ஒரு மான்கூட வாய் வைக்காமல் இருந்தும், இரண்டு மீட்டரை எட்டவில்லை. எல்க்கின் வாய்க்கு எட்டாத உயரம் என்று கணக்கில் எடுப்பது அந்த இரண்டு மீட்டரைத்தான். காரணம் தண்ணீர். ஓநாய் இல்லாமல் போன அந்த எழுபது வருடத்தில் பீவர்களும் மறைந்தன, அணைகள் உடைந்தன, ஓடைகள் தரையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கின, நிலத்தடி நீரும் கூடவே இறங்கிவிட்டது. வேருக்குத் தண்ணீர் எட்டாத செடியை மேயாமல் விட்டால் மட்டும் அது உயர்ந்துவிடாது. பீவர் வர உயரமான வில்லோ வேண்டும், வில்லோ உயர பீவரின் அணை வேண்டும். இருபது ஆண்டுத் தரவோடு அதே குழு 2024-ல் எழுதியதும் இதைத்தான்: வேட்டை விலங்கை அகற்றியதால் வந்த மாற்றம், அதைத் திருப்பிக் கொண்டுவந்ததால் மட்டும் தானாகத் திரும்பிவிடவில்லை.

இந்த வாதம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். ஆட்கள் பத்து வருடம் வேலியையும் அணையையும் பராமரித்துக் காத்திருந்திருக்கிறார்கள்.

பயமா, பசியா?

ஓநாய் மானைக் கொன்று குறைக்கிறதா, அல்லது பயமுறுத்தி ஓடைக்கரைக்கு வரவிடாமல் செய்கிறதா என்பது தனியொரு வாதம். செய்தியில் ‘அச்சம்’ என்ற சொல் வந்தால் சற்று நில்லுங்கள். ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை போட்ட எல்க்குகளைப் பின்தொடர்ந்து 2018-ல் வந்த ஆய்வு ஒன்று, ஓநாய்கள் அதிகாலையிலும் அந்தியிலும் வேட்டையாடுகின்றன, அவை ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து எல்க்குகள் அதே ஆபத்தான வெளியில் வந்து மேய்கின்றன என்று காட்டியது. 2010-ல் மாத்யூ காஃப்மன் குழு, ஓநாய் ஆபத்து அதிகமுள்ள இடத்தில் ஆஸ்பென் கூடுதலாகத் தப்பவில்லை என்று எழுதியிருந்தது. எண்ணிக்கை குறைந்ததற்குச் சான்று இருக்கிறது. பயத்தால் செடி பிழைத்தது என்பதற்குச் சான்று மெலிது.

எல்லாம் பொய் என்று முடிவு கட்டாதீர்கள்

இந்த இடத்தில்தான் மாணவி சோர்ந்துபோனாள். “அப்போ எல்லாமே சும்மாவா மேடம்?” இல்லை. அதற்காகவே கடல் நீர்நாய் பற்றிய ஆய்வைப் படிக்கக் கொடுத்தேன். நீங்களும் ஒரு கதையைச் சோதித்துப் பார்க்கும்போது, வலுவான சான்றுள்ள இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமத்துக்காக வேட்டையாடி அழித்த கடல் நீர்நாய்களுக்கு 1911-ல் சர்வதேச ஒப்பந்தம் பாதுகாப்பு கொடுத்தது. அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் சிலவற்றுக்கு அவை திரும்பின, சிலவற்றுக்குத் திரும்பவில்லை. 1974-ல் ஜேம்ஸ் எஸ்டிஸ், ஜான் பால்மிசானோ இருவரும் இரண்டு வகைத் தீவுகளையும் ஒப்பிட்டார்கள். நீர்நாய் உள்ள இடத்தில், அதற்கு இரையாகிற, பாசியைத் தின்னும் கடல் முள்ளெலி குறைவு, கெல்ப் கடற்பாசி காடுபோல் அடர்ந்திருந்தது. நீர்நாய் இல்லாத இடத்தில் முள்ளெலி கம்பளம் விரித்ததுபோல் கிடந்தது, பாசி இல்லை. பிறகு 1990-களில் ஓர்க்கா திமிங்கிலங்கள் நீர்நாய்களை வேட்டையாடத் தொடங்கியதும் அங்கே முள்ளெலி பெருகிப் பாசி அழிந்தது. கூடினாலும் குறைந்தாலும் அம்பு பிடித்து நிற்கிறது. இங்கே சங்கிலியும் சிறிது, மூன்றே கண்ணிகள். பாசி சில வருடத்திலேயே வளர்ந்துவிடும். யெல்லோஸ்டோனில் கண்ணிகள் பல, மரம் வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும். அங்கே குழப்பம் வருவதில் வியப்பில்லை.

மறுப்புக் கட்டுரைகளைத் தேடும் வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் பெயரைப் போட்டு, கீழே அதை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலைத் திறந்தால் வந்துவிடும். மறுப்பவர்கள் எதை ஒப்புக்கொள்கிறார்கள் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். யெல்லோஸ்டோனில் இரண்டு தரப்பும் சில இடங்களில் வில்லோவும் ஆஸ்பெனும் உயர்ந்திருப்பதை ஒப்புக்கொள்கின்றன. எவ்வளவு, எவ்வளவு பரவலாக, அதில் ஓநாயின் பங்கு என்ன என்பதில்தான் வாதம்.

இந்தக் கதை அரசின் சட்டமாகும்போது

கொலராடோ மாநிலத்தில் 2020-ல் ஓநாயைத் திருப்பிக் கொண்டுவரலாமா என்று மக்களிடமே வாக்கெடுத்தார்கள். 51 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான ஆதரவோடு நிறைவேறியது. 2023 டிசம்பரில் ஓரிகானிலிருந்து முதல் பத்து ஓநாய்கள் வந்தன. அந்தச் சட்டத்தின் வாசகத்திலேயே, ஓநாய் இயற்கையின் சமநிலையை மீட்க உதவும் என்று எழுதியிருக்கிறது. யெல்லோஸ்டோன் மனித வேட்டைக்குத் தடையுள்ள பூங்கா. கொலராடோவில் ஓநாய் நடமாடும் இடங்களில் பண்ணைகள், மாடுகள், வேட்டை உரிமம் எல்லாம் இருக்கின்றன. அங்கே நடந்தது இங்கேயும் நடக்கும் என்பது ஐந்தாவது அம்பு. அதையும் தாளில் வரையுங்கள்.

ஐரோப்பாவில் காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. அங்கே ஓநாய்கள் 20,000-க்கும் மேல் பெருகிவிட்டதைக் காரணம் காட்டி, 2025-ல் அவற்றின் பாதுகாப்பு நிலையை ஒரு படி இறக்கினார்கள். ஆடு இழந்த மேய்ப்பரிடம் ‘ஆறு மீளும்’ என்று சொன்னால் அவருக்கு அதில் என்ன இருக்கிறது? நஷ்டஈடு எப்போது வரும், வேலிக்கு யார் பணம் தருவார்கள் என்பதுதான் அவர் கேள்வி.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஓநாய் அந்த நிலத்துக்கு உரிய உயிர், மனிதர்கள் விஷம் வைத்தும் சுட்டும் துடைத்தெறிந்தது. திரும்பி வருவதற்கு அதுவே போதுமான காரணம். வில்லோவை வளர்த்துக் காட்டினால்தான் அதற்கு இடம் என்று நாம் வாதாடினால், நாளை ஓர் ஆய்வு வந்து வில்லோ வளரவில்லை என்றதும் ஓநாயையும் சேர்த்து இழப்போம். அதனால் கொள்கை பற்றிய கட்டுரையைப் படிக்கும்போது, அளந்து சொன்ன வாக்கியங்களுக்குக் கீழே நேர்கோடும், ‘வேண்டும்’ ‘கூடாது’ என்று முடியும் வாக்கியங்களுக்குக் கீழே அலைக்கோடும் போடுங்கள். அலைக்கோட்டு வாக்கியம் தவறு என்று இல்லை. அதற்கு மேலே நேர்கோடு எத்தனை இருக்கிறது என்று பாருங்கள்.

மார்ச்சில் செமினார் நடந்தது. மறுப்புக் கட்டுரை அதற்குப் பிறகுதான் வெளியானது. வந்ததும் அவளே படித்துவிட்டுத் தாளோடு துறைக்கு வந்தாள். இப்போது அதில் ஓநாயிலிருந்து எல்க்குக்குப் போகும் அம்பு அழுத்தமாக இருக்கிறது. பக்கத்திலேயே கரடி, பூமா, மனிதர், வறட்சி என்று நான்கு அம்புகள் வந்து சேர்கின்றன. எல்க்கிலிருந்து வில்லோவுக்கு மெல்லிய கோடு, மேலே ‘சில இடங்களில்’, கீழிருந்து வரும் நீல அம்பில் ‘தண்ணீர்’. பீவருக்குப் போவது புள்ளிக்கோடு. ஆற்றுக்குப் போனதை ரப்பரால் அழித்துவிட்டாள். ஒரு சிற்றோடையில் கரை ஒடுங்கியதைக் காட்டும் ஆய்வு ஒன்று உண்டே என்றேன். அழித்த தடத்தின் மேலே ‘ஒரு ஓடை’ என்று சின்னதாக எழுதிவிட்டு, தாளைத் துறை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தாள்.